கரண்டு போகாத எட்டு நாள்

எங்கள் தெருவில் வந்து மரியப்பன் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் யோசிப்பார்கள். முத்திரை சார் வீடு என்று கேட்டால் கை நீளும். எடைக்கல், படி, தராசு இவற்றைச் சோதித்து அரசாங்க முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். இராமநாதபுரம், தேவகோட்டை, மானாமதுரை என்று ஊர் ஊராகப் போய்விட்டு, தொண்ணூற்றாறாம் வருடக் கடைசியில் ஓய்வு பெற்றுக் காரைக்குடி செக்காலைப் பக்கம் இருந்த சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

தன் கண்முன்னால் சோதிக்காத எதையும் அவர் நம்ப மாட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யார் மேலும் அவருக்குத் தனியாகச் சந்தேகம் கிடையாது, எல்லார் மேலும் ஒரே அளவு சந்தேகம். வேலையில் இருந்த காலத்தில் ஒரு லீவு நாளில் தன் வீட்டு அடுப்படிக்குள் போய் அரிசி அளக்கும் படியை எடுத்து நீர் விட்டு அளந்து பார்த்திருக்கிறார். இரண்டு கரண்டி குறைந்தது. படியைப் பறிமுதல் செய்து, மனைவி சந்தனமேரி பெயருக்கு ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதைச் சந்தனமேரி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததைத் தெருவில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற இரண்டு மாதத்தில், குவைத்தில் வேலை பார்த்த மகன் மரிய ஜெரால்டு கப்பலில் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினான். அவன் ஆபீசில் பழசைக் கழித்துப் புதுசு வாங்கியபோது கிடைத்தது. அப்பா சும்மா இருந்தால் தெருவில் உள்ள கடைகளுக்குள் புகுந்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். மூன்று அட்டைப் பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு கடிதமும் வந்தது. நம்ம ஊரில் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் முதலில் ஒரு யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தான். கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடாமல், பேட்டரியை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிக் கொடுக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் என்றும் விளக்கியிருந்தான்.

தொடாதீர்கள் என்று எழுதியதை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. பதினான்கு மாதம் அவை கூடத்தில் இருந்தன. முதலில் சந்தனமேரி மேலே பழைய போர்வையை விரித்தார். பிறகு அதன்மேல் துணிக்கு இஸ்திரி போட்டார். கிறிஸ்துமஸ் வந்தபோது அதன்மேல்தான் குடில் ஜோடித்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். மாட்டுத் தொழுவத்துக்குக் கீழே, போர்வை விலகிய இடத்தில், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டிருந்தது. அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினான்கு மாதம் ஆனதற்குக் காரணம் அவருடைய சோம்பல் இல்லை. அவர் தினமும் அதே வேலையாகத்தான் இருந்தார். மதுரைக்கும் திருச்சிக்கும் எழுதிப் போட்டு யு.பி.எஸ். கம்பெனிகளின் விவரத் தாள்களை வரவழைத்தார். படித்த முதல் நாளே இடித்தது. எல்லாத் தாளிலும் ஐந்நூறு வி.ஏ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், முந்நூறு வாட்ஸ் தாங்கும் என்று போட்டிருந்தார்கள். ஐந்நூறு என்று பெயர் எழுதி முந்நூறு கொடுப்பது என்றால் என்ன? தேவகோட்டையில் இதே காரியத்தைச் செய்த ஒரு எண்ணெய்க் கடையை அவர் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

திருச்சியிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். அவரிடம் கேட்டார். அவர் பவர் ஃபேக்டர் என்றார். அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார் முத்திரை சார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார், திரும்பவில்லை. அடுத்து வந்தவர் எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சார் போடும் என்றார். அதைத்தான் எல்லாக் கடைக்காரனும் சொல்வான் என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் நாசர். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கம்பெனி ஒன்று அனுப்பி, தொண்ணூற்றெட்டில் ஈஸ்டர் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலையில், ஒரு யு.பி.எஸ்.ஸைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். ஒல்லி. நிதானமாகப் பேசுவார். முத்திரை சார் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், நாசர் அடுப்படிப் பக்கம் திரும்பி, வீட்டில் புளி இருக்கிறதா என்று கேட்டார். சந்தனமேரி கொட்டை எடுக்காத புளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கொட்டையோட ஒரு கிலோ வாங்குறீக சார். கொட்டையையும் கோதையும் எடுத்துட்டா முக்கால் கிலோகூட நிக்காது. அதுக்காக யாவாரி ஏமாத்திட்டான்னு சொல்லுவீகளா? வி.ஏ.ங்கிறது கொட்டையோட. வாட்ஸ்ங்கிறது கொட்டை எடுத்தது."

முத்திரை சார் புளியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு விற்பனைக்காரரை உட்காரச் சொன்னார்.

இனி ஓட்டிக் காட்டவேண்டியதுதான் பாக்கி. கம்ப்யூட்டரைப் பிரிக்கக் கூடாது என்பதால், நாசர் பலகையில் பூட்டி வைத்திருந்த இரண்டு அறுபது வாட்ஸ் பல்புகளை யு.பி.எஸ்.ஸில் மாட்டினார். பல்பு எரிந்தது. இப்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவேன், பல்பு அணையாது, பாருங்கள் என்று கையை நீட்டினார். முத்திரை சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிளக்கைப் பிடுங்குறது வேற தம்பி, கரண்டு போறது வேற. சோதனைக்குன்னு எடுத்து வச்ச தராசு எப்பவும் நேராத்தான் நிக்கும். நான் ஒரு கடைக்கும் சொல்லிட்டுப் போனதில்லை. தானாப் போகட்டும், பார்ப்போம்."

நாசர் சிரித்தார். காரைக்குடியில் கரண்டு போவதற்காகக் காத்திருப்பது என்ன பெரிய காரியம்? அந்தக் கோடையில் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது போய்க்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குக் கரண்டு போகவில்லை. இரண்டு பேரும் பல்புகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயந்திரம் மதுரை பஸ்ஸுக்கு நேரமானபோது நாசர் எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டர், இரண்டு டாக்டர் வீடு என்று ஊரில் ஏழெட்டுப் பேர் முத்திரை சார் எதை வாங்குகிறார் என்று பார்த்துவிட்டு அதையே வாங்குவதாக இருந்தார்கள். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாசருக்கு அந்த மாதம் ஓடிவிடும். சந்தனமேரி மகனுடைய பழைய கைலியை எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாயும் போகவில்லை. புதனும் போகவில்லை. சோதனை நேரம் காலை ஆறு மணி முதல் ராத்திரி ஒன்பது வரை என்று முத்திரை சார் வரையறுத்தார். ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் பல்பைப் பார்க்க வேண்டும். சாப்பாடு பல்புக்கு எதிரேதான். பட்டப்பகலில் இரண்டு பல்பு எரிகிற வீட்டைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வெக்கையில் இருவருக்கும் முகம் சிவந்துபோனது. பல்புக்கு வந்த பூச்சிகளைத் தின்று சுவரிலிருந்த பல்லி பெருத்துவிட்டது.

வியாழக்கிழமைதான் தெருவுக்கு விஷயம் உறைத்தது. தெருமுனையில் மாவு மில் வைத்திருந்த சொக்குதான் முதலில் கண்டுபிடித்தவர். இரண்டு வாரமாக அரைபடாமல் கிடந்த மிளகாய் மூட்டைகள் அத்தனையும் அன்று காலையோடு தீர்ந்துவிட்டன. எப்படி என்று யோசித்துக்கொண்டே வந்தவர், முத்திரை சார் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பல்பைப் பார்த்தார், நாசரைப் பார்த்தார். பேசாமல் போய்விட்டார். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து நாசருக்குக் கோழிக் குழம்பு வந்தது.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முறை வைத்துவிட்டார்கள். கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்கும் அக்கம்மாள் காலைப் பலகாரம் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் புதிதாக வாங்கியிருந்தார்கள், அவர்கள் மூன்று வேளையும் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாசர் வந்த நேரம், அதனால்தான் கரண்டு நிற்கிறது என்று தெரு முழுக்க நம்பியது. நானும் நம்பினேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. நாசர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனபோது, அவர் திரும்பி வருகிறவரைக்கும் அக்கம்மாள் கிரைண்டரில் புதிதாக உளுந்து போடவில்லை. முத்திரை சாருக்கு வேறு பயம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரண்டு போய்விட்டால், விற்பவர் இல்லாமல் நடந்த சோதனை செல்லுமா என்று அவர் சந்தனமேரியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தனமேரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சொக்கு நேராகவே வந்து பேசினார்.

"இவரு இங்குட்டே இருக்கட்டும் சார். மில்லுக்கு மேல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. நீங்க வாங்கித் தொலைச்சிட்டீகன்னா இவரு போயிருவாரு, கரண்டும் போயிரும்."

வாங்குவதாக இல்லையே, இன்னும் சோதனையே நடக்கவில்லையே என்றார் முத்திரை சார். அப்படியே இருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொக்கு போனார்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டு டெலிபோனுக்கு மதுரையிலிருந்து நாசருடைய மனைவி ஜாஹிதா பேசினார். காரைக்குடியில் ஆறு நாளாகக் கரண்டு போகவில்லை, போனதும் வந்துவிடுகிறேன் என்று நாசர் சொன்னார். பிறகு, உங்களோடு வேறு யார் இருக்கிறார்கள், அவர்களைப் பேசச் சொல்லுங்கள் என்றார் ஜாஹிதா. சந்தனமேரி போய்ப் பேசினார். புளியில் ஆரம்பித்துக் கோழிக் குழம்பு வரை சொன்னார். இவ்வளவு முட்டாள்தனமாக ஒருவர் பொய் சொல்ல மாட்டார், அதனால் நம்புகிறேன் என்று ஜாஹிதா கடைசியில் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கணவனும் மனைவியும் போனார்கள். நாசர் பல்பைப் பார்த்துக்கொண்டார். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு என்பதால் கோயிலில் தோமையாரைப் பற்றி வாசித்தார்கள், காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன அப்போஸ்தலர். சந்தனமேரி பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முத்திரை சார் கோயில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, எட்டாம் நாள், அவருக்குப் பொறுமை போய்விட்டது. காலை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மின்சார ஆபீசுக்குப் போனார். புகார் எழுதும் மேஜையில் இருந்தவர் தலையைத் தூக்காமல், எத்தனை மணியிலிருந்து கரண்டு இல்லை என்று கேட்டார். எட்டு நாளாகக் கரண்டு போகவில்லை, அதுதான் புகார் என்றார் முத்திரை சார். அவர் தலையைத் தூக்கினார். புகார்ப் புத்தகத்தில் கரண்டு போன நேரத்துக்கு ஒரு கட்டம், வந்த நேரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் இன்ஜினியரிடம் சொன்னார். இன்ஜினியர் வெளியே வந்து, ஐயா கிண்டல் பண்ணுகிறீர்களா என்று வருத்தத்தோடு கேட்டார். தங்களை யாராவது பாராட்டினாலே கிண்டலாகத்தான் இருக்கும் என்று பழகிப்போனவர்.

இல்லை என்று முத்திரை சார் விளக்க ஆரம்பித்தார். புளி வரைக்கும் வந்திருப்பார். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெதுவானது. நின்றது.

ஆபீசில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

செக்காலைக்கும் போய்விட்டதா என்று அவர் கேட்டார். ஒரே லைன்தான், ஏதாவது அணில் ஏறியிருக்கும் என்று இன்ஜினியர் சொல்லி முடிப்பதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். அறுபது வயதுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்த மிதியைப் பார்த்தவர்கள் யார் வீட்டிலோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு பேர் குடத்தோடு பின்னால் ஓடிவந்தார்கள். பாதி வழியில் செயின் கழன்றது. கையெல்லாம் மசியோடு மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்தார். தெருமுனைக்கு வந்தபோது சொக்குவின் மில் சத்தமில்லாமல் இருந்தது. சொக்கு வாசலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முத்திரை சாருக்கு உயிர் வந்தது. அவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு வீடுதான். ஏழாவது வீட்டைத் தாண்டும்போது, பின்னால் மில் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

அவர் உள்ளே நுழைந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. நாசர் எழுந்து நின்றார்.

"ஏழு நிமிஷம் சார். அணையவே இல்லை. அம்மாவும் பார்த்தாக."

முத்திரை சார் மூச்சு வாங்கிக்கொண்டு பல்புகளைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்.

"நான் பார்க்கலையே."

நாசர் கீழே உட்கார்ந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். எட்டு நாளில் அவர் முகம் அப்படித் தொங்கிப்போனதை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் என்றால், குடத்தோடு வந்தவர்களும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றிருந்தோம்.

அப்போதுதான் சந்தனமேரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். அந்த அம்மாள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை.

"நேத்துப் பூசையில முழிச்சுத்தானே இருந்தீக?" என்று கேட்டார்.

"என்னைப் பொண்ணு பார்க்க நீங்க வரலை. ராம்நாட்டுல லீவு கெடைக்கலைன்னு உங்க அக்காவை அனுப்புனீக. அவுக பார்த்துட்டு வந்து சரின்னு சொன்னதை நம்பித்தான் கோயில்ல வந்து நின்னீக. முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு ஒரு பெட்டிக்கு நான் சொல்றது பத்தலையா?"

முத்திரை சார் மசிக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, தாழ்ந்த குரலில், மூன்று கேள்வி கேட்டார். முதலில் எது நின்றது? விசிறி என்றார் சந்தனமேரி. பல்பு சிமிட்டியதா? ஒரு தடவை, இமை கொட்டுகிற மாதிரி. பெட்டி என்ன செய்தது? டிக்கென்று ஒரு சத்தம், பிறகு குருவிக் குஞ்சு மாதிரி விட்டு விட்டுக் கத்தியது, கரண்டு வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

"சரி," என்றார் முத்திரை சார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நாசர் கையிலிருந்த வயர் கீழே விழுந்தது. புதுப் பெட்டி ஒன்று நாளைக்கே அனுப்புகிறேன் என்று அவர் சொன்னதற்கு முத்திரை சார் சம்மதிக்கவில்லை. சோதித்த பெட்டி இது, முத்திரை இதற்குத்தான் என்றார். அரசாங்க அச்சுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால், ஒரு கம்பாஸ் முள்ளை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் 98 என்று வருடத்தைக் கீறினார்.

மத்தியான பஸ்ஸுக்கு நாசரை வழியனுப்பத் தெருவே போனது. அக்கம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய மாவு கொடுத்தார். சொக்கு கடைசி வரைக்கும் மில் மாடி ரூமைப் பற்றியே பேசினார். பஸ் புறப்பட்ட பிறகு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்றே காலுக்குப் போனது, ஐந்துக்கு வந்தது, ஆறுக்கு மறுபடியும் போனது. சொக்கு ஒரு மாதம் முத்திரை சாரோடு பேசவில்லை.

அந்த வாரமே அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் பொருத்தி, இயந்திரம் பழுதில்லாமல் ஓடுவதைக் காட்டி, கரண்டு போய்ப் பெட்டி கத்தினால் உடனே எழுதியதைச் சேமித்துவிட்டு அணைத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். முத்திரை சாருக்கு ஆபீஸ் டைப்ரைட்டர் பழக்கம் உண்டு. மகனுக்கு ஒரு நீண்ட கடிதம் இங்கிலீஷில் அடிக்க உட்கார்ந்தார். வி.ஏ.வுக்கும் வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தையே ஒரு பக்கத்துக்கு மேல் அடித்துவிட்டார். அப்போது கரண்டு போனது.

டிக்கென்றது. திரை ஒருமுறை இமை கொட்டிவிட்டு அப்படியே நின்றது. பெட்டி கத்த ஆரம்பித்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். சந்தனமேரி இரண்டு தடவை வந்து, அந்தத் தம்பி என்னமோ பண்ணச் சொன்னாரே என்றார். இரு என்று கையைக் காட்டினார். அவருடைய கண் பெட்டியை விட்டு நகரவில்லை. பதினேழு நிமிடம் ஆனபோது கத்தல் நீண்ட ஒரே சத்தமாக மாறியது, பிறகு பெட்டி, திரை, கடிதம் மூன்றும் ஒன்றாக அணைந்தன.

கடிதம் போய்விட்டதா என்று சந்தனமேரி கேட்டார். போகட்டும் என்றார். ஒரு பெரிய விருந்து சாப்பிட்டு எழுந்த மாதிரி அவர் முகம் இருந்ததாம். வாசலில் வெளிச்சம் இருந்த இடத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டு, பேனாவால் மகனுக்குத் தமிழிலேயே நாலு வரி எழுதினார். கம்ப்யூட்டர் சௌக்கியம். யு.பி.எஸ். பதினேழு நிமிடம் நிற்கிறது, நானே பார்த்தேன். அதற்கு முன்னால் ஏழு நிமிடம் நின்றதை உன் அம்மா பார்த்தாள், அதையும் சேர்த்துக்கொள்.